ஒரே ஆம்ப்ளிஃபையரில் நாலு ஸ்பீக்கர்: எந்த வழி பாதுகாப்பானது?

ஹாலில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், அதில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் யாராவது, சமையலறையிலும் பாட்டுக் கேட்டால் நன்றாக இருக்குமே என்பார்கள். பரணில் பழைய செட்டின் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று சும்மா கிடக்கும், ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில் 'பி' என்று இன்னொரு வரிசை டெர்மினலும் காலியாக இருக்கும். வயர் இழுத்து மாட்டினால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். சில வீடுகளில் முடிந்தும் விடுகிறது, வருடக்கணக்கில் ஓடுகிறது. சில வீடுகளிலோ விசேஷ நாளில் சத்தத்தைக் கூட்டியதும் ஆம்ப்ளிஃபையர் அணைந்துபோகிறது, அல்லது கருகிய வாடை வருகிறது. இதை அதிர்ஷ்டத்தின் மேல் போட வேண்டியதில்லை, எல்லாம் ஓம் கணக்குதான், அதாவது ஸ்பீக்கர் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்ற கணக்கு.

வழிகள் நாலு. ஏ, பி இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடுவது. ஸ்பீக்கர்களைச் சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, கோப்பது. எந்த ஜோடி பாட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் பெட்டி ஒன்றை நடுவில் வைப்பது. இரண்டாவது ஜோடிக்கென்று தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வாங்குவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நாலு ஸ்பீக்கரும் 8 ஓம், ஆம்ப்ளிஃபையரின் பின்னாலும் அதற்கு அனுமதி எழுதியிருக்கிறது என்றால் முதல் வழி போதும், மற்ற எல்லா நிலைமைக்கும் நாலாவது வழி. பிரிப்பதாக இருந்தால் ஆம்ப்ளிஃபையருக்குள் நுழையும் சின்ன சிக்னலைப் பிரியுங்கள், அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் பெரிய கரண்டைப் பிரிக்காமல் இருக்கப் பாருங்கள்.

கடையில் கேட்டால் பேச்சு முழுக்க வாட்ஸ் பற்றித்தான் இருக்கும். ஆம்ப்ளிஃபையர் 50 வாட்ஸ், ஸ்பீக்கர் 100 வாட்ஸ், தாங்கும் சார், போடுங்க என்பார்கள். ஸ்பீக்கரில் போட்டிருக்கும் வாட்ஸ் அந்த ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது, ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு பாடுபடும் என்பதைச் சொல்வது ஓம். 8 ஓமில் 50 வாட்ஸ் தரும்போது ஆம்ப்ளிஃபையர் 20 வோல்ட் வெளியே தள்ளுகிறது, ஓடும் கரண்ட் 2.5 ஆம்பியர். அதே 20 வோல்ட்டில் 4 ஓம் மாட்டினால் 5 ஆம்பியர், 2 ஓம் என்றால் 10 ஆம்பியர். வால்யூம் குமிழ் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரும் டிரான்ஸ்பார்மரும் நாலு மடங்கு கரண்டைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கரண்ட் ஏற ஏறச் சூடும் ஏறும். பாதுகாப்பு சர்க்யூட் இருந்தால் ரிலே கிளிக் என்று ஸ்பீக்கரைக் கழற்றிவிடும். இல்லையென்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும், அதுவும் போகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகியே போகும், அப்போது பவர் சப்ளையின் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) நேராக ஸ்பீக்கருக்குள் இறங்கி, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலையும் எரித்துவிடும். ஒரு செலவு இரண்டு செலவாகிவிடும்.

ஸ்பீக்கரில் 8 ஓம் என்று போட்டிருப்பதும் நிலையான எண் கிடையாது. பாட்டில் பேஸ் வரும்போது ஒன்று, குரல் வரும்போது வேறொன்று என்று அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஐஇசி 60268-5 என்ற சர்வதேசத் தரநிலைப்படி அது போட்டிருக்கும் எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது, அதாவது 8 என்றால் 6.4, 6 என்றால் 4.8, 4 என்றால் 3.2. எல்லா ஸ்பீக்கரும் இந்த வரம்புக்குள் நிற்பதில்லை என்பதால் கொஞ்சம் இடம் விட்டே கணக்குப் போடுங்கள்.

லேபிள் கிழிந்த பழைய ஸ்பீக்கர் என்றால் மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய நிலையில் அளந்து பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து அது காட்டும் எண்ணைக் கழித்துவிடுங்கள். மீட்டர் அளப்பது டிசி ரெசிஸ்டன்ஸ், ஆகவே லேபிளில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் காட்டும்: 8 ஓம் ஸ்பீக்கர் 6 வாக்கில், 6 ஓம் ஸ்பீக்கர் 4.5 வாக்கில், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை. ஹோம் தியேட்டர் செட்டோடு வந்த குட்டி ஸ்பீக்கர்களில் பல 3 ஓம்தான், அந்தச் செட்டின் ஆம்ப்ளிஃபையருக்கென்றே செய்தவை, அவற்றைப் பிரித்தெடுத்து வேறு ஆம்ப்ளிஃபையரில் மாட்டும்போது கவனம் வேண்டும். மரப்பெட்டியிலோ பானையிலோ வைத்து வீட்டில் பாடவிடும் கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம்.

இப்போது முதல் வழி. ஏ மட்டும், அல்லது பி மட்டும் என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான் தெரியும், பிரச்சினையே இல்லை. ஏ+பி போட்டதும் இரண்டு ஜோடிகளும் பேரலலில், அதாவது பக்கம் பக்கமாக, சேர்கின்றன, கரண்டுக்கு இரண்டு வழி கிடைப்பதால் ஓம் குறைகிறது. 8-ம் 8-ம் சேர்ந்தால் 4. 8-ம் 6-ம் சேர்ந்தால் 3.4. 6-ம் 6-ம் என்றால் 3. 8-ம் 4-ம் சேர்ந்தால் 2.7-க்கு வந்துவிடும். இரண்டுமே 4 என்றால் 2, வீட்டு ஆம்ப்ளிஃபையர்களில் இதைத் தாங்குவது மிகக் குறைவு.

இதை நீங்கள் ஊகிக்கவே வேண்டியதில்லை, டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் படித்தால் போதும். யமஹா, டெனான் போன்றவற்றின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும்: ஏ அல்லது பி என்றால் குறைந்தது 4 ஓம், ஏ+பி என்றால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் குறைந்தது 8 ஓம். அந்த இரண்டாவது வரிதான் முக்கியம். ஏ-யில் 6 ஓம் ஸ்பீக்கர் மாட்டியிருந்தால், பி-யில் நீங்கள் எதை மாட்டினாலும் ஏ+பி அந்த ஆம்ப்ளிஃபையருக்கு ஆகாது, பி-யில் மாட்டியது 8 ஓமாகவே இருந்தாலும். இன்றைக்குக் கிடைக்கும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் 6 ஓம் நிறையவே இருப்பதால் இதைச் சொல்கிறேன். சில பழைய ஜப்பானிய ரிசீவர்களில் ஏ+பி போட்டால் உள்ளேயே சீரியஸாக மாறிக்கொள்ளும், அப்படிப்பட்டவற்றில் மேனுவலைப் பார்ப்பதுதான் வழி.

பி டெர்மினலே இல்லாத ஆம்ப்ளிஃபையரில் ஒரே டெர்மினலுக்குள் இரண்டு வயரை முறுக்கித் திணிப்பதும் பேரலல்தான், கணக்கு மாறாது. ஆம்ப்ளிஃபையருக்கு 4 ஓம் வரை அனுமதி இருந்தால் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் கணக்குப்படி சரி, ஆனால் தடித்த இரண்டு வயரை ஒரு துளைக்குள் திணிக்கும்போது இழை பிதுங்கி அடுத்த டெர்மினலைத் தொட வாய்ப்பு அதிகம்.

நாலு ஸ்பீக்கரும் 8 ஓம் என்றால் எனக்குப் பிடித்த வழி இந்த ஏ+பி-தான். கூடுதல் செலவு வயர் மட்டுமே, ஒலியின் தரத்திலும் குறை வராது. ஆனால் இரண்டு அறைக்கும் ஒரே வால்யூம் என்பதைச் சகித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் இன்னொன்று: பி-யில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு 'நாங்கள் ஏ+பி போடவே மாட்டோம், ஏதாவது ஒன்றுதான்' என்று சொல்பவர்கள் உண்டு. நீங்கள் போட மாட்டீர்கள், சரி. ஊரிலிருந்து வரும் மச்சானோ விளையாடும் குழந்தையோ அந்தக் குமிழைத் திருப்பாமல் இருப்பார்களா? முன்பக்கத்தில் எல்லோருக்கும் எட்டும் ஒரு சுவிட்சை நம்பி விடுகிற பாதுகாப்பைப் பாதுகாப்பென்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது வழியான சீரியஸை எலக்ட்ரீஷியன்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆம்ப்ளிஃபையரின் சிவப்பிலிருந்து முதல் ஸ்பீக்கரின் சிவப்புக்கு, அதன் கறுப்பிலிருந்து இரண்டாவதன் சிவப்புக்கு, அதன் கறுப்பிலிருந்து திரும்ப ஆம்ப்ளிஃபையரின் கறுப்புக்கு. 4-ம் 4-ம் சேர்ந்து 8, 8-ம் 8-ம் சேர்ந்து 16. ஆம்ப்ளிஃபையரின் உயிருக்கு இதில் ஆபத்தே இல்லை, அந்த விதத்தில் நாலு வழிகளில் இது மிகப் பத்திரமானது என்றுகூடச் சொல்லலாம். சத்தம்தான் குறையும்: முன்பு 8 ஓமில் 50 வாட்ஸ் கொடுத்த அதே 20 வோல்ட் 16 ஓமில் மொத்தமே 25 வாட்ஸ், ஸ்பீக்கருக்குப் பன்னிரண்டரை. வீட்டுக்குள் கேட்க அது தாராளம். உண்மையான குறை வேறு. இரண்டு ஸ்பீக்கரும் அச்சு அசலாக ஒரே மாடல் என்றால் வோல்ட்டேஜ் சரிபாதியாகப் பிரியும், ஒலி கெடாது. ஹாலில் ஒரு கம்பெனி, சமையலறையில் இன்னொரு கம்பெனி என்றால் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒவ்வொரு விகிதத்தில் பிரியும், ஒன்றின் பேஸை இன்னொன்று தின்றுவிடும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நல்ல ஸ்பீக்கரும் சேர்ந்து கெட்டுப்போகும். ஒன்று அறுந்தால் இரண்டும் ஊமை. சமையலறைக்காக ஹாலைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது, ஆகவே ஒரே மாடல் ஸ்பீக்கர் நாலு கையில் இருந்தாலொழிய இதைச் சொல்ல மாட்டேன்.

செலக்டர் பெட்டியில் பல வகை உண்டு. வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள பெட்டி, ஒரு நேரத்தில் ஒரு ஜோடியை மட்டும் தேர்ந்தெடுப்பது என்றால் நல்லது. எல்லா பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்க முடிகிற பெட்டி என்றால் ஏ+பி-யின் அதே பேரலல் ஆபத்துதான், பெட்டி வைத்ததால் குறைந்துவிடாது. ரெசிஸ்டர் போட்டுப் பாதுகாக்கும் பெட்டிகள் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றும், ஆனால் பவரில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடிக்கும், ஒலியும் கொஞ்சம் மங்கும். டிரான்ஸ்பார்மர் வைத்து ஓமைச் சரிக்கட்டும் வால்யூம் கண்ட்ரோல்கள் நல்லவை, அறைக்கு அறை சத்தத்தையும் தனியாக மாற்றலாம், நம் ஊர்க் கடைகளில் அவை கிடைப்பதுதான் அரிது.

கல்யாண மண்டபத்தில் ஒரே ஆம்ப்ளிஃபையரில் தெருமுனை வரை குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறார்களே, அதுமட்டும் எப்படி என்று கேட்கலாம். அஹுஜா போன்ற மைக்செட் ஆம்ப்ளிஃபையர்களில் 4, 8, 16 ஓம் டெர்மினல்களோடு 100 வோல்ட் லைன் என்று தனி டெர்மினல் இருக்கும். அதில் ஒவ்வொரு குழாயோடும் ஒரு லைன் டிரான்ஸ்பார்மர் உண்டு, அங்கே ஓம் பார்ப்பதில்லை, எல்லாக் குழாயின் வாட்ஸையும் கூட்டி ஆம்ப்ளிஃபையரின் வாட்ஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டு ஸ்டீரியோவில் அந்த ஏற்பாடு கிடையாது, ஆகவே மைக்செட்காரர் சொல்லும் யோசனையை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள்.

நாலாவது வழிக்கு வருவோம், தனி ஆம்ப்ளிஃபையர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, அதிகம் சூடாகாத கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபையர்கள் இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன, டிபிஏ3116 சிப் உள்ள ஒன்று சமையலறைக்கும் படுக்கையறைக்கும் போதும். உங்கள் பெரிய ஆம்ப்ளிஃபையரின் பின்னால் ரெக் அவுட் அல்லது பிரீ அவுட் என்று ஆர்சிஏ சாக்கெட் (சிவப்பு, வெள்ளை வட்டச் சாக்கெட்) இருந்தால் அங்கிருந்து இதற்கு ஒரு கேபிள். ரெக் அவுட்டில் சிக்னல் எப்போதும் ஒரே அளவாக வரும், சத்தத்தைச் சின்ன ஆம்ப்ளிஃபையரிலேயே கூட்டிக் குறைக்கலாம். பிரீ அவுட் பெரிய ஆம்ப்ளிஃபையரின் குமிழோடு சேர்ந்தே ஏறி இறங்கும். இரண்டுமே இல்லையா, சிடி பிளேயரிலிருந்தோ ஸ்ட்ரீமரிலிருந்தோ வரும் ஆர்சிஏ கேபிளை ஒரு ஒய் பின் போட்டு இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபையர்களின் இன்புட் பொதுவாகப் பல ஆயிரம் ஓம், 47,000 ஓம் என்பது சர்வ சாதாரணம், இரண்டை ஒன்றாக மாட்டினாலும் 23,500 ஓம், பிளேயருக்கு அது ஒரு சுமையே இல்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு ஓம் இரண்டு ஓமுக்குப் பயந்து பயந்து செய்த பிரிவினை இங்கே இவ்வளவு சுலபமாக முடிந்துவிடுகிறது. என் சிபாரிசுக்குக் காரணமும் அதுதான்.

இரண்டாவது ஜோடி மாடியில் என்றால், சின்ன ஆம்ப்ளிஃபையரை அங்கே வைக்காமல் பெரியதன் பக்கத்திலேயே வைத்து, மாடிக்கு ஸ்பீக்கர் வயரை இழுப்பது நல்லது. நீண்ட ஆர்சிஏ கேபிள் ஹம் சத்தத்தை இழுத்துக்கொண்டு வரும். மாடிக்குத் தனிப் பாட்டு போதும் என்றால் அங்கேயே ஒரு புளூடூத் ஆம்ப்ளிஃபையர் வைத்து வயர் வேலையையே விட்டுவிடலாம், ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே பாட்டு ஓட வேண்டுமென்றால் புளூடூத் ஒரு நொடியின் சிறு பகுதி பின்தங்கும், படிக்கட்டில் நின்றால் எதிரொலி மாதிரிக் கேட்கும்.

இந்தச் சின்ன ஆம்ப்ளிஃபையர்களில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய வகை ஆம்ப்ளிஃபையர்களில் இடது வலது இரண்டின் கறுப்பும் பெரும்பாலும் உள்ளே ஒன்றுதான், எர்த் மாதிரி. கிளாஸ் டி-யில் பலவற்றில் சிவப்பு, கறுப்பு இரண்டிலுமே சிக்னல் இருக்கும். வயரை மிச்சப்படுத்த இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே கறுப்பு வயர் ஓட்டும் பழைய பழக்கத்தை இங்கே செய்தால் சிப் போய்விடும். கறுப்பைச் செட்டின் தகட்டில் தொடவைப்பதும் அப்படியே. கறுப்புகளை உள்ளே ஒன்றாக இணைத்திருக்கும் செலக்டர் பெட்டிகளும் இதற்கு ஆகாது.

கடையில் செய்து வாங்கிய அசெம்பிள்டு செட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கிக் கட்டிய செட்டுகள், எஸ்டிகே ஐசி போட்டதோ 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்டதோ, அருமையாகப் பாடும், ஆனால் பலவற்றில் பாதுகாப்பு ரிலே இருக்காது, பின்னால் ஓம் எழுதியும் இருக்காது. செய்து கொடுத்தவரிடம் எத்தனை ஓம் வரை என்று கேட்டு, அவர் சொல்வதற்குக் கீழே போகாதீர்கள். 'ஒண்ணும் ஆகாது' என்பது ஓம் கணக்குக்குப் பதில் ஆகாது. ரிலே இல்லாத செட்டில் பி ஜோடி என்ற பேச்சே வேண்டாம், ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு தனியாகக் கிடைக்கிறது, முதலில் அதைப் போடச் சொல்லுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ்: ஸ்பீக்கர் மாட்டாமல் ஓடவிடுவதுதான் அங்கே பெரிய ஆபத்து, ஆகவே ஸ்பீக்கரைத் துண்டிக்கும் எந்தச் சுவிட்சும் நடுவில் வேண்டாம்.

எந்த வழியானாலும் வயர் வேலை ஒன்றுதான். பத்து மீட்டர் தூரம் என்றால் போக வர இருபது மீட்டர் செம்பு. 23/76 வயரில் (முதல் எண் உள்ளே இருக்கும் மெல்லிய இழைகளின் எண்ணிக்கை) அதுவே அரை ஓம் தின்றுவிடும், 40/76-ல் 0.3 ஓம், 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.14. ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்துக்குள் வயர் இருந்தால் போதும் என்பது வழக்கமான கணக்கு, ஆகவே 8 ஓமுக்கு 40/76 சரி, 4 ஓமுக்கு 2.5 போடுங்கள். இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம், ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒன்றரை மடங்கு, அப்படியென்றால் ஒரு அளவு தடிமனாக வாங்குங்கள். சுவருக்குள் இருக்கும் 230 வோல்ட் பைப்பிலேயே ஸ்பீக்கர் வயரையும் சேர்த்து இழுக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். உள்ளே ஓரிடத்தில் தோல் உரிந்தால் மெயின் கரண்ட் ஸ்பீக்கர் டெர்மினலுக்கு வந்துவிடும். ஸ்பீக்கரைக் கழற்றி மாட்ட வசதி என்று டூ பின் பிளக் போடுவதும் அதே அளவு ஆபத்து, யாராவது ஒரு நாள் அதைச் சுவர் சாக்கெட்டில் செருகுவார்கள். 4 மில்லிமீட்டர் பனானா பிளக்கும் மெயின் சாக்கெட்டுக்குள் போகும், சின்னக் குழந்தை உள்ள வீடு என்றால் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய முனையைத் தொங்கவிட்டு வைக்கக்கூடாது.

மாட்டும்போது ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்தே உருவிவிடுங்கள். வயரின் தோலை ஒரு சென்டிமீட்டர் மட்டும் உரித்து, இழைகளை ஒரே திசையில் இறுக்கமாக முறுக்கி, டெர்மினல் துளைக்குள் விட்டுத் திருகுங்கள். வெளியே செம்பு துளியும் தெரியக்கூடாது. தலைமுடி கனத்தில் ஒரே ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டால் போதும், அதுவும் ஷார்ட்தான், பின்பக்க இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே விளக்கடித்துப் பாருங்கள். நுனியில் ஈயம் வைப்பது அழகாக இருக்கும், ஆனால் திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி நாளடைவில் தளர்ந்துவிடும், முறுக்கிய வெறும் செம்போ, உலோக முனையை அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) நுனியோ மேல்.

பவர் போடும் முன் ஆம்ப்ளிஃபையரில் மாட்டப்போகும் வயர் முனைகளில் மீட்டரை வையுங்கள். ஸ்பீக்கரின் எண் வந்தால் சரி, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வழியில் எங்கோ ஷார்ட், ஒன்றுமே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. சிவப்பு கறுப்பு குழம்பினால் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், பிளஸ் சிவப்பில் பட்டால் கோன் வெளியே தள்ளும். மாற்றி மாட்டினால் ஒன்றும் எரியாது, பேஸ் மட்டும் காணாமல் போகும். ஸ்பீக்கரின் பின்னால் நாலு டெர்மினலும் நடுவில் உலோகத் தகடும் இருந்து, நீங்கள் இரண்டு ஆம்ப்ளிஃபையரை அதில் மாட்ட நினைத்தால் அந்தத் தகடுகளைக் கழற்றாமல் பவர் போடாதீர்கள், இரண்டு ஆம்ப்ளிஃபையரும் ஒன்றையொன்று கொன்றுவிடும்.

எல்லாம் சரியென்றால் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்யுங்கள், ரிலே உள்ள செட்டில் சில நொடியில் கிளிக் கேட்கும், பிறகு மெதுவாகக் கூட்டுங்கள். ஏ+பி-யில் ஓடவிடுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் அரை மணி நேரம் ஓடிய பிறகு மேல்மூடியில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு இயல்பு. ஐந்து நொடிகூட வைத்திருக்க முடியவில்லை என்றால் அல்லது ரிலே விட்டு விட்டு அடித்தால், பி ஜோடியைக் கழற்றிவிட்டுச் சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு ஆர்டர் போடுங்கள்.